அத்தை திருப்பித் தந்த புத்தகம்

எங்கள் அத்தைக்குப் படிக்கிற பழக்கம் உண்டு என்று வீட்டில் யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. மளிகைக் கடைப் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தத் தாளை முட்டிமேல் வைத்து நீவி, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் அடுப்புக்குக் கொடுப்பாள். அவ்வளவுதான். அவளிடம் 2015 ஜனவரியில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம் முழுக்கக் கொடுக்கலாமா வேண்டாமா என்று மருகிக்கொண்டே போனேன். அத்தைக்குப் பிள்ளை இல்லை.

அந்த வாரம் சென்னையில் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடக்க ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் பெருமாள்முருகன் நிபந்தனையில்லாமல் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்து முகநூலில் ஓர் அறிவிப்பு வந்தது. தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துப்போனான், தன் புத்தகங்களைப் பதிப்பகங்கள் விற்க வேண்டாம், வாங்கி வைத்திருப்பவர்கள் எரித்துவிடலாம் என்கிற பொருளில். ஒருவர் தன் இரங்கல் அறிவிப்பைத் தானே எழுதியதை அன்றுதான் பார்த்தேன். எரிக்க மனம் வரவில்லை. அலமாரியில் திரும்ப வைக்கவும் ஏனோ பிடிக்கவில்லை. அத்தை ஞாபகம் வந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வெள்ளைக்காரன் காலத்துத் திருச்செங்கோட்டுப் பக்கம், காளி, பொன்னா என்று ஒரு குடியானவத் தம்பதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை வற்றவில்லை, பிள்ளை மட்டும் இல்லை. கோயில் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாத பெண் முகம் தெரியாத ஆணோடு கூடலாம், அன்றைக்கு அந்த ஆண் சாமிக்குச் சமம், பிறக்கிற பிள்ளை சாமி கொடுத்த பிள்ளை என்று ஒரு வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது. பொன்னாவை அங்கே அனுப்ப இரு வீட்டாரும் திட்டம் போடுகிறார்கள். கதை அவ்வளவே. 2010 டிசம்பரில் காலச்சுவடு வெளியிட்டது. நான்கு வருஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆங்கிலத்திலும் வந்தது. 2014 கடைசியில் அந்தத் திருவிழாப் பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் கைமாறின. புத்தகத்தை எரித்தார்கள், கடையடைத்தார்கள். புத்தகத்தை முழுசாகப் படித்தவர்களைவிட அந்த நகல்களைப் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

கோபப்பட்டவர்களை மூடர்கள் என்று தள்ள நான் தயாரில்லை. ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் நிஜம். நம் பாட்டியின் பிறப்பைப் பற்றி ஒருத்தன் அச்சில் கேள்வி எழுப்பினால் நமக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அந்தச் சுருக்கென்பதை வைத்துக்கொண்டு ஓர் ஆளை ஊரைவிட்டு நகர்த்துவது வேறு சமாசாரம்.

அத்தை நான்கு நாளில் முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புத்தகம் முறத்துக்குப் பக்கத்தில் கிடந்தது, அட்டையில் இரண்டு கீரை இலையோடு.

“இன்னாத்துக்குடா இதுக்கு இவ்ளோ கலாட்டா?”

திருவிழா விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். கையை ஆட்டி நிறுத்தினாள்.

“அது கடைசியில வர்றது. அதுக்கு முன்னால அவளப் போட்டு எல்லாரும் பேசுறாங்களே, அதுக்கு ஒருத்தரும் கோவப்படலியா?”

என்னிடம் பதில் இல்லை. நான் அந்த நாவலை அப்படிப் படித்திருக்கவில்லை. செய்தித்தாள் எந்தப் பக்கத்தைக் காட்டியதோ அந்தப் பக்கத்திலேயே என் கண்ணும் நின்றுவிட்டது. திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது, புத்தகத்தின் பெரும்பகுதி ஊர்வாய்தான். நல்ல காரியங்களில் பொன்னாவுக்குக் கிடைக்கிற இடம், கள் குடிக்கிற கூட்டத்தில் காளிக்கு விழுகிற பேச்சு, ஆறுதல் மாதிரி ஆரம்பித்துக் குத்தலில் முடிகிற விசாரிப்புகள். எங்கள் தெருவில் வளைகாப்பு என்றால் அத்தை பின்கட்டில் புளியோதரை கிளறிக்கொண்டிருப்பாள். போ என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வந்து வளையல் போடு என்றும் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அத்தை வீட்டு வாசலில் ஒரு பூவரச மரம் உண்டு. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து தருவாள். நானும் ஊதியிருக்கிறேன். நாவலிலும் முதல் பக்கத்திலேயே ஒரு பூவரச மரம் வருகிறது, பொன்னாவின் அம்மா வீட்டு வாசலில் காளி நட்டது. பன்னிரண்டு வருஷத்தில் மரம் கிளை பரப்பி நிற்கிறது. அத்தை அந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மார்ச்சில், மாசி மகம் முடிந்த மறுநாள், அவளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். அத்தைதான் கேட்டாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். மலை கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த மலையை எத்தனை பௌர்ணமிக்குச் சுற்றினாள், எந்த மரத்தில் தொட்டில் கட்டினாள் என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடற்கரையில் இருளர் கூட்டம் கலைந்திருந்தது. மாசி மகத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து வந்து மணலில் சேலையாலும் தழையாலும் குடில் போட்டுத் தங்கி, விடிகாலையில் கன்னியம்மனைக் கும்பிட்டுக் கல்யாணமும் முடித்துக்கொண்டு போவார்கள். நட்டிருந்த கழிகள் சில இடத்தில் அப்படியே நின்றன. இந்த வழக்கத்துக்கு ஆதாரம் காட்டு என்று அவர்களிடம் கேட்டால் அலையைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

பாறைச் சிற்பத்துக்கு முன்னால் ஒரு கைடு இந்தியில் ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்ணூறடி நீளப் பாறை. நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு, அதில் நாகங்கள், பக்கத்தில் ஒற்றைக் காலில் ஒரு தவசி. அர்ஜுனன், பாசுபதம் என்ற சொற்கள் காதில் விழுந்தன. கூட்டம் நகர்ந்ததும் எங்களிடம் வந்தவர், “அம்மா, பகீரதன் கங்கையைக் கொண்டாந்த கதை தெரியுமில்ல?” என்று ஆரம்பித்தார். அவங்களுக்கு அர்ஜுனன்னு சொன்னீங்களே என்றேன். “ரெண்டும் உண்டு சார். அறிஞருங்களே முடிவு பண்ணல. கேக்குறவங்களுக்கு எது பிடிக்குமோ அதச் சொல்லுவேன்” என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். ஆயிரத்து முன்னூறு வருஷம் பழைய கல். அதில் இரண்டு கதை. அதற்காக ஒருத்தரும் கடையடைக்கவில்லை. அத்தை பிளவின் வலப்பக்கம், யானைகளின் காலடியில், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எலிங்க நம்புது பாரேன்” என்றாள்.

வாயால் சொல்கிறவரை நம்மவர்களுக்கு எந்தக் கதையும் பொறுக்கும். அத்தையின் பாட்டி திருவிழா ராத்திரிகளைப் பற்றிச் சொன்னவற்றை நான் இங்கே எழுத முடியாது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக் கேட்டிருக்கிறார்கள். அதே கதை ஊர்ப் பெயரோடு அச்சில் ஏறியதும் ஆதாரம் எங்கே என்ற கேள்வி வருகிறது. வாய்க்கதையின் ஆதாரம் இன்னொரு வாய்தானே! பேச்சுவார்த்தை மேசையில் அது செல்லாது.

அமெரிக்காவில் யூத எழுத்தாளர் பிலிப் ராத்துக்கும் ஏறக்குறைய இதே சங்கடம். 1959-இல் ஒரு சிறுகதையில், மதத்தைச் சொல்லிச் சலுகை பெறுகிற யூதச் சிப்பாய் ஒருவனைக் காட்டினார் என்று யூத மதகுருக்களே அவர்மேல் பாய்ந்தார்கள். 1962-இல் நியூயார்க் யெஷிவா பல்கலைக்கழக மேடையில் குறுக்கு விசாரணை மாதிரியே கேள்விகள். மனிதர் அசரவில்லை. 1969-இல் ‘போர்ட்னாய்ஸ் கம்ப்ளெய்ன்ட்’ எழுதி இன்னும் கொஞ்சம் எரிச்சலூட்டினார். 2012-இல்தான் போதும் என்று எழுத்தை நிறுத்தினார், அதுவும் தன் விருப்பத்துக்கு. நம் ஆளுக்கு அந்த வசதி கிடையாது. திருச்செங்கோட்டில் பிறந்தவர், தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தவரின் மகன், அப்போது பக்கத்திலேயே நாமக்கல்லில் அரசுக் கல்லூரி வாத்தியார். எதிர்த்து நின்றவர்கள் தெருவில் தினம் எதிரே வருகிறவர்கள். கடைசியில் குடும்பத்தோடு சென்னைக்கு மாற்றல் வாங்கிப் போனார்.

பஞ்ச ரதத்தில் தர்மராஜ ரதத்தின் மூலையில் அர்த்தநாரி நிற்கிறார். அத்தைக்குக் காட்டத்தான் அங்கே போனோம். “இந்தச் சாமி பேரத்தான் புக்குக்கு வெச்சாரா?” என்றாள். ஆமாம், மாதொருபாகன் என்றால் இவர்தான் என்றேன். வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் உமை. கல்லில் எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க மாமாவ ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டதில்ல தெரியுமா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இளநீர் என்ன விலை என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் நாவலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளினார்கள். பிடிக்காதவர்கள் புத்தகத்தை மூடி வைக்கட்டும், அமைதிப் பேச்சுவார்த்தையில் போட்ட கையெழுத்து யாரையும் கட்டாது, எழுத்தாளர் மறுபடி எழுதட்டும் என்பது சாரம். அவர் எழுதினார். முதலில் கவிதைகள், பிறகு ‘பூனாச்சி’. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம், அதனால் ஆட்டைப் பற்றி எழுதினேன் என்கிறார். அது வேடிக்கைக்குச் சொன்னதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டுக்குட்டிக்கும் காது குத்தி அரசாங்கக் கணக்கில் ஏற்றுகிற இடம் வருகிறபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கட்சியைக் கேட்டால் அவருடைய நல்ல நாவல் ‘கூளமாதாரி’. பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற சக்கிலியப் பையனின் கதை. வெயிலும் பசியும் அதில் இருக்கிற மாதிரி வேறெங்கும் இல்லை. சண்டையால் பேர் வாங்கிய புத்தகம் ஒன்று, பேர் வாங்கியிருக்க வேண்டிய புத்தகம் வேறொன்று. எழுத்தாளர்களுக்கு இது சகஜம்.

தீர்ப்புக்குப் பிறகு அத்தைக்கு இன்னும் இரண்டு புத்தகம் வாங்கிப் போனேன். ‘மாதொருபாகன்’ முடிகிற இடத்தில் காளி பூவரச மரத்தடியில் நிற்கிறான், மனசில் கயிறு. அடுத்து என்ன ஆனது என்று நாவல் சொல்வதில்லை. அதற்கு அவரே இரண்டு தொடர்ச்சி எழுதியிருக்கிறார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி செத்துவிடுகிறான். ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொள்கிறான். ஒரே கயிறு, இரண்டு கதை. மாமல்லபுரத்து கைடு இதைக் கேட்டால் ரசித்திருப்பார்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அத்தை ஒன்றை மட்டும் எடுத்து என் பையில் வைத்தாள்.

“செத்துட்டான்னு இருக்கிறத நீ எடுத்துகினு போ. இன்னொண்ணு இங்க கெடக்கட்டும், இன்னொரு வாட்டி படிக்கணும்.”

மின்சார ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கொளவாய் ஏரி தாண்டுகிறபோது ‘ஆலவாய’னைப் பிரித்தேன். முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை அத்தை. அங்கே அடையாளத்துக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட் செருகியிருந்தது. எழுத்து மங்கிவிட்டிருந்ததால் எந்த ஊருக்குப் போனது என்று படிக்க முடியவில்லை.