ஆற்று மணலும் ஓர் அமானிதமே



திருச்சிராப்பள்ளிக்குக் கடல் இல்லை. பள்ளி விடுமுறை வந்தால் மணலில் விளையாட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாகூர்க் கடற்கரைக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் வேண்டும். ஆனால், கடற்கரைக்கு ஈடான மணற்பரப்பு ஒன்றை இவ்வூருக்கு அல்லாஹ் காவிரியின் மடியிலேயே அருளியிருக்கிறான். பங்குனி, சித்திரை மாதங்களில் நீர் ஒடுங்கியதும், நாணல் படர்ந்த மணல்திட்டுகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெண்மையாக விரிகின்றன. அத்தகைய ஒரு நாளில் என் தாயார், மனைவி, பிள்ளைகள் இருவருடன் முக்கொம்புக்குச் சென்று வந்தேன். அந்தப் பயணம் எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வழிவகுத்தது. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

முக்கொம்பு நகருக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அகண்டு வரும் காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம்; தெற்கே செல்வது காவிரி. இரண்டுக்கும் இடையே அமைந்த தீவுதான் திருவரங்கம். ‘அரங்கம்’ என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்று பொருள் உண்டு. அணையை ஒட்டிய பூங்காவில் ஊஞ்சல்களும் சறுக்குமரங்களும் மர நிழலும் இருக்கின்றன. வீட்டிலிருந்து கொண்டு சென்ற நெய்ச்சோற்றையும் தால்சாவையும் நிழலில் அமர்ந்து உண்டோம். வெளியே விற்ற பொரித்த மீன் மீதுதான் பிள்ளைகளின் கண் இருந்தது. அதையும் வாங்கிக் கொடுத்தோம்.

இந்த அணையை 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் கட்டியவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கொள்ளிடத்தின் படுகை தாழ்வாகவும் சரிவாகவும் இருந்ததால் ஆற்றுநீரின் பெரும்பகுதி அவ்வழியே ஓடியது. மணல் மேவிய காவிரிக்கு நீர் குறைந்து, தஞ்சை வயல்கள் வாடின. அதைத் திருத்தவே இந்த அணை எழுந்தது. ஆழம் தெரியாத மணலின் மேல் அடித்தளம் இடும் முறையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் எழுதி வைத்திருக்கிறார். இதை என் மகனிடம் சொன்னபோது, “மணல்மேல் கட்டினால் இடிந்துவிடாதா, அத்தா?” என்று கேட்டான்.

நல்ல கேள்விதான். மணல் அசையாமல் இருக்கும் வரை அது உறுதியான தரை. அதன்மேல் போடும் பாறைகள் மெல்ல உள்ளிறங்கி, ஓரிடத்தில் நிலைகொள்கின்றன. மணல் அரித்துப் போனால், தாங்கியிருப்பதும் போய்விடும். 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு, கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அணையின் வயதும் வெள்ளத்தின் வேகமுமே காரணம் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்ததே காரணம் என்று விவசாயிகள் கூறினர். இப்போது அங்கே புதிய கதவணை நிற்கிறது. அதைப் பார்த்தபடி என் தாயார் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

திரும்பும்போது தீவின் வழியாக, மேலூர்ப் பக்கமுள்ள வாழைத் தோட்டங்களைக் கடந்து வந்தோம். திருவரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையை அடைந்தபோது அஸர் நேரம் வந்திருந்தது. கரையிலிருந்து மணலில் இறங்கினோம். நீரோட்டம் தொலைவில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது.

“இவ்வளவு மணல் இருக்கிறதே, தயம்மும் செய்துகொள்ளலாமா?” என்று மகள் கேட்டாள். தண்ணீர் கிடைக்காதபோது அல்லது அதைப் பயன்படுத்த இயலாதபோது அளிக்கப்பட்ட சலுகைதான் தயம்மும் என்று அவளுக்கு விளக்கினேன். அதற்குள் என் தாயார், “தண்ணீர் காலடியில் இருக்கும்போது எதற்குத் தயம்மும்? ஊற்றுத் தோண்டுங்கள்” என்றார்.

பிள்ளைகள் கைகளாலேயே மணலை வாரினார்கள். முதலில் காய்ந்த மணல், பிறகு ஈரமணல், அதன்பின் கரைகள் சரிந்து சரிந்து விழ, அடியில் பளிங்குபோல் நீர் கசிந்தது. “என் சிறுவயதில் ஒரு சாண் தோண்டினால் போதும். இப்போது இரண்டு முழம் தோண்ட வேண்டியிருக்கிறது” என்றார் தாயார். ஊற்றுநீர் அவசரத்துக்கு வராது. ஒரு குவளை முகந்தால், அடுத்த குவளைக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். ஐந்து பேரும் அவ்வாறு காத்திருந்து, ஆளுக்கு ஒரு குவளையில் உளூச் செய்து முடித்தோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்து’ வரையிலான நீரில் குளிப்பார்கள் என்றும் ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. குழாயடியில் நின்று அந்த ஹதீஸைச் சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள். ஊற்றுக்கரையில் அதுவே இயல்பாக நிகழ்ந்தது. உளூவில் நீரை மிகுதியாகச் செலவிட்ட ஸஅத் (ரலி) அவர்களை நபியவர்கள் கண்டித்ததையும், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண்விரயம் வீண்விரயமே என்று உணர்த்தியதையும் அப்போது அவர்களுக்கு நினைவூட்டினேன். அது இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள செய்தி.

பிறகு மணலையே விரிப்பாக்கி, ஜமாஅத்தாகத் தொழுதோம். பூமி முழுவதும் தொழுமிடமாகவும் தூய்மை அளிப்பதாகவும் இந்த உம்மத்துக்கு ஆக்கப்பட்டிருக்கிறது என்ற நபிமொழியை உடல் உணர்ந்த தொழுகை அது. அங்கே கிப்லா ஏறத்தாழ ஆறு வரும் திசையிலேயே அமைகிறது. ஸஜ்தாவிலிருந்து எழுந்தபோது நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது.

வானத்திலிருந்து அளவோடு நீரை இறக்கிப் பூமியில் தங்க வைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுள்ளவன் என்றும் அல்முஃமினூன் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். நீர் எங்கே தங்குகிறது என்பதை அன்று கண்ணால் கண்டோம். மணல்மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில்தான் ஆறு தன் நீரைச் சேமித்து வைக்கிறது. வடிகட்டித் தூய்மையாக்கியும் தருகிறது. திருச்சிராப்பள்ளி மாநகரின் குடிநீர், காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கப்பட்ட கிணறுகளிலிருந்தே பெருமளவு எடுக்கப்படுகிறது. தொலைவிலுள்ள ராமநாதபுரச் சீமைக்கும் குழாய்வழியே காவிரி நீர் செல்கிறது. ஆகவே, இந்த மணல் வெறும் கட்டுமானப் பொருள் அன்று. பல மாவட்டத்து மக்களின் தண்ணீர்ப் பானை அது.

இனி, எங்கள் வீட்டு முடிவுக்கு வருகிறேன். அப்போது எங்கள் வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் எழும்பிக் கொண்டிருந்தன. பூச்சு வேலைக்கு ஆற்று மணல்தான் நயமாக இருக்கும் என்று மேஸ்திரி வற்புறுத்தினார். இரவில் வரும் லோடு ஒன்றை ரசீது இல்லாமல் ஏற்பாடு செய்யலாம் என்றும் சொன்னார். தமிழ்நாட்டில் 2003 முதல் ஆற்று மணல் எடுப்பதை அரசே தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. ரசீது இல்லாத மணல் என்றால், அது மக்கள் அனைவருக்கும் உரிய பொருளை இருளில் எடுத்து வந்தது என்றே பொருள். அல்லாஹ் தூயவன், தூயதையே ஏற்கிறான் என்று ஓதி வளர்ந்த நாம், உண்ணும் இறைச்சியில் ஹலாலைத் தேடுகிறோம். குடியிருக்கும் சுவரில் தேட வேண்டாமா?

கொள்ளிடத்திலிருந்து வந்த அன்றிரவே என் தாயார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “நான் உளூச் செய்த மணலை என் வீட்டுச் சுவரில் பூச வேண்டாம்.” எம்.சாண்டும், பூச்சுக்கு உரிய பி.சாண்டும் ரசீதோடு வாங்கினோம். பாறையை உடைத்தே அவற்றையும் செய்கிறார்கள். மலையும் அல்லாஹ்வின் படைப்பே. ஆதலால், தேவைக்கு மேல் கட்டாதிருப்பதே முதல் பேணுதல் என்று, திட்டமிட்டிருந்த மூன்றாவது அறையையும் விட்டுவிட்டோம்.

நம் மஹல்லாக்களில் பள்ளிவாசல்கள் விரிவாக்கப்படுகின்றன, மதரஸாக்கள் எழுகின்றன. நிர்வாகிகளிடம் பணிவோடு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மணல் வாங்கினால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். உளூச் செய்யுமிடத்தில் நீர் மெல்லியதாக விழும் குழாய்களைப் பொருத்துங்கள். வழிந்தோடும் உளூ நீரைச் சாக்கடையில் விடாமல், உறிஞ்சு குழிக்கோ பள்ளிவாசல் மரங்களுக்கோ திருப்பிவிடுங்கள். பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: வரும் கோடையில், நீர் ஒடுங்கியிருக்கும் பாதுகாப்பான ஓரிடத்தில், பெரியவர்கள் உடனிருக்க, பிள்ளைகளை ஒருமுறை ஊற்றுத் தோண்டச் சொல்லுங்கள்.

உங்கள் தண்ணீர் பூமிக்குள் ஆழ்ந்து போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டு வருபவர் யார் என்ற வினாவோடு அல்முல்க் அத்தியாயம் நிறைவு பெறுகிறது. நம்மில் பலர் இரவுதோறும் அதை ஓதிவிட்டே உறங்குகிறோம். அவன் தங்க வைத்த நீரையும், அதைத் தாங்கி நிற்கும் மணலையும் பேணி, நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒப்படைக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.