ஒற்றையடித் தடம்

சாலையைச் சர்க்கார் போடுகிறது. ஒற்றையடிப் பாதையை யாரும் போடுவதில்லை. அது தானாக விழுகிறது. கொங்கு நாட்டில் அதைத் தடம் என்பார்கள். முதலில் ஒருவன் நடக்கிறான். அவன் புல்லை மிதித்த இடத்தில் அடுத்தவன் கால் வைக்கிறான். பின்னால் ஆடுகள் போகின்றன. ஆடுகளுக்குப் பின்னால் ஆட்டுக்காரி போகிறாள். பத்து வருஷத்தில் ஒரு முழ அகலத்துக்கு மண் இறுகி, சாணம் மெழுகின திண்ணை மாதிரி ஆகிவிடுகிறது. எந்த இஞ்சினீயரும் அளந்து பார்த்ததில்லை. அளந்தால் குற்றம் சொல்லவும் முடியாது. நடக்கிறவன் மூச்சு வாங்காமல் ஏறுவதற்கு எது வழியோ, அதுதான் மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் கடந்து போவதற்கும் வழியாக அமைந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட தடத்தில் சைக்கிள் விடுவதற்கு ஈடான சுகம் வேறொன்று இல்லை என்பது என் கட்சி. நாற்பதைத் தாண்டிய கதாசிரியனுக்கு இது தகுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இடுப்புக்கு மேலே உள்ள சரீரம் மட்டுந்தான் வேலை செய்கிறது. காலுக்கும் ஏதாவது சுவாரசியம் வேண்டாமா?

இதற்கு நான் கண்ட இடம் துடியலூருக்கு மேற்கே. துடியலூர் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது முதல் பட்டணத்து லட்சணங்கள் அத்தனையும் வந்துவிட்டன. ஆனால் பன்னிமடைப் பக்கம் திரும்பிச் சிறிது தூரம் போனால் குருடிமலை எதிரே எழுந்து நிற்கும். மலைக்கும் ஊருக்கும் நடுவே தோட்டங்கள், கிளுவை வேலிக்கு இடையே ஓடும் இட்டேரிகள், அவற்றிலிருந்து பிரியும் தடங்கள். காட்டு எல்லைக் கல்லைக் கண்டால் நான் திரும்பிவிடுவேன். அதற்கு அப்பால் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், மரியாதைப்படியும் குற்றம்.

சைக்கிளை மலைக்கு ஓட்டிப் போகும் பைத்தியம் அமெரிக்காவில்தான் பெரிய அளவில் பிடித்தது என்கிறார்கள். 1976-இல் கலிபோர்னியாவில், மாரின் என்ற மாவட்டத்தில், சில வாலிபர்கள் பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், மண் பாதையில் கீழே விட்டுப் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கு. மலையிறங்கி முடிவதற்குள் அதிலுள்ள கிரீஸ் முழுதும் காய்ந்து புகைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபது வருஷம் கழித்து, 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகச் சேர்ந்துவிட்டது.

நம் பால்காரர்கள் ஹெர்குலிஸ் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டு, வரப்பிலும் இட்டேரியிலும், ஒரு சொட்டுச் சிந்தாமல் வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள்!

தடத்தில் ஓட்டுவதற்குச் சில சூட்சுமங்கள் உண்டு. தார்ச்சாலைப் பந்தயச் சைக்கிளுக்கு 80, 100 பவுண்டு காற்று அடிப்பார்கள். இதன் அகன்ற டயருக்கு 25, 30 போதும். சக்கரம் கல்லோடு சண்டைக்குப் போகாமல் சமாதானமாக ஏறி இறங்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிரேக்கைப் பிடித்தால் செம்மண் வாரிவிட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. எந்தக் கல்லைப் பார்க்கிறோமோ அந்தக் கல்லின்மேல்தான் சைக்கிள் போகும். பத்தடிக்கு அப்பால் பார்வை இருந்தால் கை தானாக வழி கண்டுகொள்ளும்.

முதல் மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போக வேண்டும். புழுதி அடங்கி மண் இறுகியிருக்கும். சங்கிலியின் மெல்லிய சத்தம் தவிர வேறு சத்தமில்லை. உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. தடம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. வேலியிலிருந்து ஒரு கௌதாரி படபடவென்று எழும்பும்போதுதான், இவ்வளவு நேரமும் ஒன்றுமே யோசிக்கவில்லை என்பது தெரிகிறது. யோசனையே தொழிலாகிவிட்டவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுமுறை!

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னை அடிக்கடி பார்ப்பார். ஒரு நாள் நிறுத்திக் கேட்டார்:

"ஏனுங்க, அத்தாச்சோட்டுத் தார் ரோடு இருக்கறப்ப இந்தத் தடத்துல எதுக்குங்க வாரீங்க?"

"நல்லா இருக்குதுங்க, அதனாலதான்."

"நல்லாத்தான் இருக்கும். மேக்கால போயிராதீங்க. அங்கே தடம் இல்லீங்க, குழிதான்."

அவர் சொன்னது செங்கல் சூளைக்காக மண் எடுத்த குழிகளை. தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண் செங்கலுக்குப் பேர்போனது. சில இடங்களில் பனை உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். ஓடைகள் திசை தப்பின. தடங்கள் குழியின் விளிம்பில் வந்து நின்றுபோயின. வழக்குகள் நடந்து, 2021-இல் அனுமதியில்லாத 186 சூளைகளை மூடும்படி உத்தரவாயிற்று. சூளையை நம்பிக் கூலிவேலை செய்தவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். அந்தச் செங்கல்லில் கட்டிய வீடுகளில் நாம் குடியிருக்கிறோம் என்பதையும் மறப்பதற்கில்லை.

ஆட்களுக்காவது குழியைச் சுற்றிக்கொண்டு போகத் தெரியும். யானைக்கு அதன் தடம் பாட்டி காலத்துத் தடம். சரிவு பார்த்து, தண்ணீர் பார்த்து, தலைமுறை தலைமுறையாக நடந்த வழி. அந்த வழியில் சூளையும் வாழைத்தோட்டமும் மதிற்சுவரும் வந்தால் அது என்ன செய்யும்? தோட்டத்தில் இறங்குகிறது, பயிர் அழிகிறது, மனிதர்கள் சாகிறார்கள், கோபம் வருகிறது. 2018 டிசம்பரில் விநாயகன் என்ற யானையை இந்தப் பள்ளத்தாக்கில் பிடித்து முதுமலையில் விட்டார்கள். 2019 ஜனவரியில் சின்னத்தம்பியைப் பிடித்து ஆனைமலையில் வரகளியாறு பக்கம் விட்டார்கள். சின்னத்தம்பி சில நாளிலேயே காட்டைவிட்டு வெளியேறி, ஊர்களைக் கடந்து, உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்கள் வரைக்கும் நடந்தது. வீட்டைத் தேடி நடக்கிறது என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள். பிப்ரவரியில் அதை மறுபடியும் பிடித்து முகாமில் சேர்த்துவிட்டார்கள்.

அதனால்தான் வெயில் சாய்வதற்கு முன்னாலேயே நான் தடத்தைக் காலி செய்துவிடுகிறேன். பகலில் ஆடும் ஆளும் நடக்கிற தடத்தில் இரவில் வேறு பாத்தியதைக்காரர்கள் வருகிறார்கள்.

வண்டிப் பாதைக்குக் கிராமப் படத்தில் ஒரு கோடாவது இருக்கும். ஆட்டுத் தடத்துக்குப் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. மனை போடுகிறவர் முள்கம்பி கட்டிவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. ஒரே ஒரு மழைக்காலம் யாரும் நடக்காவிட்டால் போதும், புல் மூடி, தடம் இருந்த இடமே தெரியாது. நடப்பது ஒன்றுதான் அதற்கு ஆதாரம். அந்தப் பெரியவர் ஆடுகளை ஓட்டிப்போகும் வரைக்கும் அது இருக்கும். அவருடைய பேரன் கோவையில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறானாம். அவனுக்கு ஆடு மேய்க்க விருப்பமில்லை.