கூடாது என்றொரு இலட்சியம்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் மாணவரிடம் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி ‘என்ன ஆகப் போகிறாய்?’ என்பதே. கடந்த ஓராண்டாக நானும் இதைப் பலரிடம் கேட்டு வருகிறேன். வழிகாட்டுவது என் நோக்கமன்று. கோலார் தங்கவயலில் பேசப்படும் தமிழின் எதிர்மறை வினைகளே என் முனைவர் பட்ட ஆய்வுப்பொருள். ‘எதிர்மறையாக ஒரு வாக்கியம் சொல்’ என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் எவரும் இயல்பாகப் பேச மாட்டார்கள். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானாக வரும். அதற்குள் எனக்கு வேண்டிய வினைகளும் வரும் என்ற கணக்கில் தொடங்கினேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தன. இவை ஆய்வேட்டில் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிடும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தங்கவயலைத் திரைப்படத்தின் வழியாக மட்டும் அறிந்த நண்பர்களுக்குச் சில செய்திகள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் இது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலைப் பெருக்கியபோது வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களின் வழித்தோன்றல்களே இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர்; அவர்களிலும் மிகப் பலர் தலித் மக்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் இங்குதான் முதலில் வந்தது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டன. எனக்கு அப்போது நான்கு வயது. மாரிகுப்பத்தில் எங்கள் லைன் வீட்டிலிருந்து பார்த்தால் சயனைடு மேடு தெரியும். கோடைக்காற்றில் அதன் தூள் துவைத்த துணிகளின்மேல் படியும். அம்மா இன்றும் காற்றின் திசை பார்த்துத்தான் துணி உலர்த்துகிறார்.

நான் பேசிய மாணவர்கள் யாவரும் சுரங்கம் மூடப்பட்ட பின்பு பிறந்தவர்கள். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர், அப்பா ரயில் ஏறியவர் என்பதுதான் அவர்களுடைய குடும்ப வரலாறு. விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் சீசன் டிக்கெட்டோடு ஏறி, வைட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் கண்டோன்மென்டிலும் இறங்கி, காவலாளியாகவும் கட்டடத் தொழிலாளியாகவும் கடை ஊழியராகவும் அலுவலக உதவியாளராகவும் உழைத்து, இரவு திரும்புகிறவர்கள். என் அப்பாவும் அப்படித்தான் பதினாறு ஆண்டுகள் போய்வந்தார்.

இங்குள்ள கல்லூரி ஒன்றில் இரண்டாம் பி.யூ.சி. மாணவர்களுக்கு ஆண்டிறுதியில் ஒரு படிவம் கொடுக்கிறார்கள். பெயர், பாடப்பிரிவு, மதிப்பெண், இறுதியில் ‘இலட்சியம்’ என்று ஒரே ஒரு வரி. நிரப்பப்பட்ட படிவங்களைப் பெயர்களை மறைத்து எனக்குக் காட்டினார்கள். அறிவியல் பிரிவினர் டாக்டர், சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று எழுதியிருந்தனர். வணிகவியல் பிரிவினர் சி.ஏ., வங்கி அதிகாரி என்று எழுதியிருந்தனர். இரு பிரிவிலும் ஐ.ஏ.எஸ். உண்டு. இந்தியாவின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் இதே சொற்களை இதே விகிதத்தில் காணலாம் என்று தோன்றியது. இவற்றைப் பொய் என்று நான் கருதவில்லை. ஒரு வரியே இடம் தரும் படிவத்துக்கு ஒரு வரியில் அடங்கும் விடையை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே.

அதே மாணவர்கள் ஒலிப்பதிவில் பேசியது வேறாக இருந்தது.

“அப்பா மாதிரி காலைல நாலு மணிக்கு எழுந்து ட்ரெய்ன் புடிக்கக் கூடாதுக்கா.”

“வேல எதுவா இருந்தாலும் சரி, கான்ட்ராக்ட்டா இருக்கக் கூடாது.”

“ஒரு எடத்துல வேல, ஒரு எடத்துல வீடு, அந்த மாதிரி இருக்கக் கூடாது.”

“இருபத்தொண்ணு முடியறதுக்குள்ள கல்யாணம்னு வீட்ல பேச்சே எடுக்கக் கூடாது.”

“கன்னடத்துல எழுதற எக்ஸாம்னா பயம் வரக் கூடாது. எனக்குப் பேச வரும், எழுதறதுதான் தடுமாறும்.”

இவற்றில் ஓர் இலக்கண நுட்பம் உண்டு. விருப்பமின்மையைச் சொல்லத் தமிழில் ‘மாட்டேன்’ இருக்கிறது. ‘ரயில் ஏற மாட்டேன்’ என்றால் ஏறுவதும் ஏறாததும் என் கையில் இருக்கின்றன. என் மறுப்பு வினையின் ஈற்றிலேயே தன்மை விகுதியாக நிற்கிறது. ‘கூடாது’ அத்தகையதன்று. அதற்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாடு இல்லை. யார் தடுக்கிறார் என்று அது சொல்வதில்லை. ‘கூடு’ என்ற வினைக்கு இயலுதல் என்னும் பொருளுண்டு; அதன் எதிர்மறை முதலில் இயலாமையைக் குறித்து, பின்னர் விலக்கைக் குறிப்பதாக வளர்ந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதன் இணைவடிவமான ‘கூடது’ இதே விலக்குப் பொருளில் வழங்குகிறது. மூன்று மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் தங்கவயலில் இந்த ஒரு சொல் எல்லோருக்கும் பொது. என் பதிவுகளில் மாணவர்கள் தங்கள் எதிர்காலத்தைப் பற்றி ‘மாட்டேன்’ என்று சொன்ன இடங்கள் மிகச் சில. தம் கையில் இல்லாத ஒன்றைத் தம் கையில் இருப்பதுபோல் அவர்கள் பேசுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இந்தப் பகுதியை ஒரு கருத்தரங்கில் வாசித்தபோது, ‘எனக்கு வேண்டும்’ என்று நான்காம் வேற்றுமையில் ஆசையைச் சொல்லும் மொழி என்பதால்தான் தமிழ் மாணவர்கள் முனைப்பற்றுப் பேசுகிறார்களோ என்று ஒருவர் கேட்டார். கேட்க அழகாக இருக்கும் இத்தகைய விளக்கங்களே நம் துறைக்குப் பெருங்கேடு. நான்காம் வேற்றுமை எழுவாய் தெற்காசிய மொழிகள் பலவற்றின் பொதுப்பண்பு. காலின் மாசிக்கா 1976-இல் வெளியிட்ட நூலிலேயே இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். இந்தியில் ‘முஜே சாஹியே’, கன்னடத்தில் ‘நனகெ பேக்கு’ எல்லாம் இதே அமைப்புத்தான். பெங்களூரின் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் அதே நான்காம் வேற்றுமையில் ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. வேற்றுமை உருபு யாரையும் தடுக்கவில்லை.

சமூகவியல் நண்பர்கள் அர்ஜுன் அப்பாதுரையின் 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவூட்டுவார்கள். ஆசைப்படும் திறன் என்பது வழியறியும் திறன் என்றும், அது சமூகத்தில் சமமாகப் பகிரப்படவில்லை என்றும், வசதியுள்ளோருக்கு இலக்கையும் வழியையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதிகம் என்றும் அதில் அவர் வாதிட்டார். எனக்கு அக்கட்டுரை மிகவும் பிடிக்கும். ஆயினும் என் பதிவுகளைக் கேட்கும்போது இம்மாணவர்களிடம் வரைபடம் குறைவாக இருப்பதாகத் தோன்றவில்லை. வைட்ஃபீல்டில் இறங்கி நிறுவனத்துக்குப் போகும் பேருந்துக்கு எவ்வளவு, பி.ஜி. விடுதிக்கு முன்பணம் எவ்வளவு, மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பதினேழு வயதில் மனக்கணக்காகச் சொல்கிறார்கள். 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். இன்றும் ஊரில் இருக்கிறது. அங்கே நிரந்தரப் பணியாளர் யார், ஒப்பந்தப் பணியாளர் யார், அவ்விருவரின் வீட்டுக்கு எப்படிப் பெண் கொடுப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வழி தெரிந்திருப்பதால்தான் எந்த வழி எங்கே முடிகிறது என்பதும் தெரிகிறது.

இதை வெறும் கவனிப்பாக விட்டுவிட எனக்கு மனமில்லை. நடைமுறையில் இது எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு ஒரு மாணவியைச் சொல்கிறேன். படிவத்தில் அவள் எழுதியது ‘சி.ஏ.’. நல்ல மதிப்பெண் பெறுபவள். பெங்களூர்க் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று அறிந்த ஆசிரியர்கள் அவளுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று முடிவு செய்து, ஊக்கப் பேச்சாளர் ஒருவரின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். என்னிடம் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “ராத்திரி ட்ரெய்ன்ல தனியா வரக் கூடாதுக்கா, வேற ஒண்ணும் இல்ல.” அவளுக்கு வேண்டியது கட்டணம் குறைந்த விடுதியில் ஓர் இடம். படிவத்தின் வரியில் ‘சி.ஏ.’ என்றிருந்ததால் அந்த இடம் எவர் கண்ணிலும் படவில்லை. எது கூடாது என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். விடுதிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து அவளிடம் கொடுத்திருக்கிறேன். அரசு மகளிர் விடுதிகளுக்கான விண்ணப்பம் திறக்கக் காத்திருக்கிறோம்.

அவளே பின்னர் என்னைப் பேட்டி எடுத்தாள். பி.எச்.டி. படித்தால் மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டாள். ஜே.ஆர்.எஃப். இருந்தால் 37,000, இல்லாதோருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் 8,000 என்றேன். எனக்கு எது என்று கேட்டாள். இரண்டாவது என்றேன். “எங்க அண்ணன் டெலிவரிலயே இதுக்கு மேல எடுக்கறான்” என்று சொல்லிவிட்டு, நான் வருந்துவேனோ என்று உடனே டீ வாங்கிவரப் போனாள். ஒலிப்பதிவில் இந்தப் பகுதி முழுமையாக இருக்கிறது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பதா என்று நெறியாளரிடம் இன்னும் கேட்கவில்லை.

நான் கேட்ட ‘கூடாது’களில் தலைமுறை வரிசை ஒன்றும் தெரிகிறது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் தம் பிள்ளைகள் மண்ணுக்கடியில் போகக் கூடாது என்றார்கள். அந்தப் பிள்ளைகள் போகவில்லை. சுரங்கம் மூடப்பட்டதால் போக இடமும் இல்லை. ரயில் ஏறியவர்கள் தம் பிள்ளைகள் ரயில் ஏறக் கூடாது என்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்கு விட்டுச் செல்வது ஒரு விலக்கை. எதை நோக்கிப் போவது என்பதை அவரவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வரிசையைக் குழப்புகிறான் ஒரு மாணவன். அவன் மட்டுமே என்னிடம் ‘கூடாது’ என்று தொடங்காதவன். சுரங்கப் பொறியியல் படிக்க வேண்டும் என்கிறான். சூரத்கல் என்.ஐ.டி.யில் அப்படிப்பு உண்டு, அதற்காகவே ஜே.இ.இ. எழுதியிருக்கிறான். இராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் தங்கச் சுரங்கம் இன்றும் இயங்குவதை அவன் அறிவான். மூடிக் கிடக்கும் சுரங்கத்தைச் சுற்றியே வளர்ந்ததால் உள்ளே என்ன இருந்தது என்று பார்க்க ஆசை என்றான். ‘கூடாது’ சொல்வது அவனுடைய பாட்டி. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோயால் தாத்தா இறந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் படுத்து உறங்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தாராம். “குழியில எறங்கனவன் வூட்ல இனிமே ஒருத்தனும் எறங்கக் கூடாது கண்ணு, நீயாவது சொல்லு அவனுக்கு” என்று பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. இன்றைய சுரங்கங்களில் ஈரத்துளையிடலும் காற்றோட்டமும் முகக்கவசமும் இருப்பதாக அவன் பாட்டியிடம் விளக்கினான். “அன்னிக்கும் இத்தான் சொன்னாங்க” என்றார் பாட்டி.

தேர்வுகள் மார்ச்சில் முடிந்துவிட்டன; முடிவுகளும் தரவரிசையும் வந்ததும் கலந்தாய்வில் விருப்பத்தைப் பதிய வேண்டும். அப்பா சம்மதித்துவிட்டார், பாட்டி சம்மதிக்கவில்லை. பாட்டியை மீறிப் பதிய அவன் விரும்பவில்லை. சுரங்கப் பொறியியலோ நிலவியலோ படித்த நண்பர்கள் எவரேனும் இதைப் படித்தால், அப்படிப்பை முடித்தோரில் எத்தகையோர் நிலத்தடியில் வேலை செய்கிறார்கள், எத்தகையோர் மேற்பரப்பிலும் வடிவமைப்பிலும் இருக்கிறார்கள், நோய்த்தடுப்பு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் உட்பெட்டியில் எழுதுங்கள். அவனிடம் சேர்த்துவிடுகிறேன். தமிழில் பேசக்கூடியவராக இருந்தால் பாட்டியிடமே தொலைபேசியில் பேசலாம். மாலை ஆறு மணிக்குமேல் அவர் வீட்டில் இருப்பார்.