ஐந்தாம் சக்கரம்

கொள்கலன் ஏற்றிய நீண்ட டிரெய்லர் ஒன்று சாலையில் செல்லும்போது பார்ப்பவர் கண்ணில் முதலிற்படுவன அதன் சக்கரங்களே. அவற்றை விரல்விட்டு எண்ணி மகிழும் சிறுவர்களும் உண்டு. ஆனால் யாருடைய எண்ணிக்கையிலும் சேராத சக்கரம் ஒன்று அவ்வண்டியில் இருக்கிறது. அது தரையைத் தொடுவதில்லை, உருள்வதும் இல்லை. இழுத்துச் செல்லும் லாரியின் முதுகில், டிரெய்லரின் அடியில் மறைந்து கிடக்கும் எஃகுத் தட்டு அது. துறைமுகத் தொழிலாளர் அதனை ‘ஃபிஃப்த் வீல்’ என்பர். முன்வண்டியும் பின்வண்டியும் ஒன்றாய்ச் செல்வது அந்த ஐந்தாம் சக்கரத்தை நம்பித்தான்.

இப்பெயர் குதிரை வண்டிக் காலத்தது. நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைத்தனர். நான்கிற்கு மேற்பட்டதாகையால் அஃது ஐந்தாம் சக்கரம் ஆயிற்று. குதிரை போய் எந்திரம் வந்தபோதும் தேவை மாறவில்லை. 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மர வணிகர் ஒருவர் தம் படகை ஃபோர்டு காரின் பின்னே இழுத்துச் செல்ல வழி கேட்க, ஆகஸ்ட் ஃபுரூகாஃப் என்னும் கொல்லர் அதற்கொரு பின்வண்டியைச் செய்து கொடுத்தார். படகுக்காகப் பிறந்த அந்த முறை பின்னர் பலவகைச் சரக்குகளையும் சுமக்கலாயிற்று. 1972 ஜூன் 23ஆம் நாள் ‘நிஹோன்’ என்ற கொள்கலன் கப்பல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் வந்து நின்றது. அக்காலந்தொட்டு 20 அடி, 40 அடிப் பெட்டிகளை இழுக்கும் லாரிகள் இவ்வட்டாரத்துச் சாலைகளின் அன்றாடக் காட்சியாயின.

சுமையேற்றிய 40 அடிப் பெட்டி ஒன்று 30 டன் வரை எடையிருக்கக்கூடும். அவ்வெடையில் ஒரு பங்கு ஐந்தாம் சக்கரத்தின்மேல் அமர்கிறது. இழுக்கும் விசையும் திருப்பும் விசையும் சேருமிடமும் அதுவே. டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் ‘கிங்பின்’ என்னும் முளையை அத்தட்டின் தாடைகள் கவ்விக்கொள்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் அம்முளையின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஏறத்தாழ இரண்டு அங்குலம். ஒரு குழந்தையின் மணிக்கட்டளவே உள்ள இரும்பு ஒரு வீட்டளவு சுமையை இழுக்கிறது.

முளை வலியதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. தட்டு லாரியின் சேசிஸில் எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே முதற்கேள்வி. சேசிஸின் நெடுஞ்சட்டங்கள் ‘ப’ என்னும் எழுத்தைச் சாய்த்து வைத்தாற்போன்றவை. சுமை ஏறும்போது சட்டத்தின் மேல் விளிம்பு நெருக்குண்ணும். கீழ் விளிம்பு இழுபடும். இடையிலுள்ள செங்குத்துச் சுவரின் நடுப்பகுதியோ ஓரளவு அமைதியாக இருக்கும். ஆகவே விளிம்பில் துளையிடுவது விரிசலுக்கு வாயில் திறப்பதாகும். துளை வேண்டுமாயின், லாரி செய்தவர்களின் கையேடு காட்டும் இடத்தில், அச்சுவரிலேயே இடவேண்டும். பற்றவைப்பதும் ஆகாது, சூட்டினால் பதமேற்றப்பட்ட எஃகு தன் பதத்தை இழந்துவிடும்.

போல்ட் என்பது ஆணிபோல் நின்று சுமையைத் தாங்குகிறது என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. உரிய அளவு முறுக்கப்பட்ட போல்ட் இரு இரும்புகளையும் ஒன்றோடொன்று இறுக அழுத்துகிறது. அவ்வழுத்தத்தால் உண்டாகும் உராய்வே அவற்றை நகரவிடாமல் காக்கிறது. இறுக்கம் தளர்ந்தால் தட்டு மயிரிழையளவு நகரும். பின்பு ஒவ்வொரு பிரேக்கும் போல்ட்டின்மேல் விழும் சம்மட்டியடியாகும். நாள்தோறும் அடிபட்டது ஒருநாள் முறியும். ஆகையினால்தான் தேர்ந்த பொருத்துநர் துருவையும் தடித்த பூச்சையும் முதலிற் சுரண்டி எடுக்கிறார்; பழைய நட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கையேட்டில் குறித்த தரமுடைய புதியவற்றை எடுக்கிறார்; டார்க் ரெஞ்சைக் கொண்டு படிப்படியாக, எதிரெதிராக முறுக்குகிறார்; வண்டி சிறிது ஓடிய பின்னர் மீண்டும் வரச்சொல்லிச் சோதிக்கிறார்.

இடமும் முக்கியம். தட்டு பின்னச்சுக்கு மிகவும் பின்னே போய்விட்டால் முன்சக்கரங்கள் பளுவிழந்து ஸ்டீயரிங் பிடி தளரும். மிகவும் முன்னே வந்தால் முன்னச்சு வருந்தும். திரும்பும்போது டிரெய்லரின் மூலை ஓட்டுநர் அறையை இடிக்கும். எனவே பின்னச்சின் நடுக்கோட்டிற்குச் சற்று முன்னே, கணக்கிட்டு வைப்பர்.

இத்தனையும் செய்ய நேரம் வேண்டும். நேரமோ துறைமுகத்தில் பணம். கிள்ளான் துறைமுகச் சாலையோரப் பட்டறைகளில் இவ்விரண்டுக்கும் இடையிலான வழக்கு ஓயாது. “நாலு இடத்தில் வெல்டிங் வைத்துவிடுங்கள் அண்ணே! சாயங்காலத்துக்குள் வண்டி போயாக வேண்டும்” என்பார் வண்டிக்காரர். “வெல்டிங் வைத்தால் சாயங்காலம் போகும், முதலாளி. எப்போது திரும்பும் என்றுதான் சொல்ல முடியாது” என்பார் மூத்த பொருத்துநர். அம்மறுப்பினால் ஒரு நாள் கூலியும் ஒரு வாடிக்கையாளரும் அவர் கைவிட்டுப் போகலாம். அவர் மறுப்பது யாருக்காக? அதே சாலையில் டிரெய்லரின் அருகே மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் முகந்தெரியாத ஒருவருக்காக. அம்மனிதர் இவரை ஒருபோதும் அறியப்போவதில்லை. நன்றி சொல்லப்போவதும் இல்லை.

பொருத்தியவர் கடமை முடிந்ததும் ஓட்டுநர் கடமை தொடங்குகிறது. டிரெய்லரை மாட்டியபின் அதன் பிரேக்கைப் பிடித்து வைத்து, லாரியை மெல்ல முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் போதாது. முளை தாடைக்குள் இறங்காமல் மேலே நின்றாலும் சிலபோது அச்சோதனையில் தப்பிவிடும். ஆதலால் கீழே இறங்கி, விளக்கடித்து, தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையே வெளிச்சம் தெரியவில்லை என்பதையும், தாடை முளையின் கழுத்தைக் கவ்வியிருப்பதையும், பூட்டு விழுந்திருப்பதையும் கண்ணால் காணவேண்டும். அதன் பின்னரே டிரெய்லரின் தாங்குகால்களை உயர்த்தலாம். மழையாயினும் நள்ளிரவாயினும் இரண்டு நிமிடம் குனிந்து பார்ப்பவரே ஓட்டுநர்.

உருண்டோடும் பெருந்தேருக்கு அச்சாணியைக் காட்டி, உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்றார் வள்ளுவர். தேர் போய் டிரெய்லர் வந்தபின்னும் அவ்வுண்மை மாறவில்லை. துறைமுகத்தின் செல்வத்தைப் பேசுவோர் கப்பலையும் பளுதூக்கியையும் சுட்டுவர். அச்செல்வம் சாலையில் பத்திரமாய்ச் செல்வதோ, எண்ணெய்க் கறை படிந்த கைகள் உரிய அளவில் முறுக்கிய சில போல்ட்டுகளால்.