முடவன் முழுக்கும் ஒரு சாய்தளமும்

'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்பது பழமொழி. காவிரிக்குத் தெற்கே மயூரநாதரும் அபயாம்பிகையும், வடக்கே திருஇந்தளூரில் பரிமள ரங்கநாதரும் எழுந்தருளியிருக்கும் மயிலாடுதுறையில், ஐப்பசி மாதம் முழுவதும் துலா ஸ்நானம் நடைபெறுகிறது. கங்கை முதலான புண்ணிய நதிகளே தங்கள்மீது படிந்த பாவங்களைக் களைய அம்மாதத்தில் இங்கு வந்து நீராடுவதாக ஐதிகம். துலாக்கட்டத்தில் ஆற்றின் நடுவே நந்திதேவர் சந்நிதி கொண்டிருப்பது காணக் கிடைக்காத காட்சி.

ஐப்பசியின் கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்கு மறுநாளான கார்த்திகை முதல் தேதியிலும் பக்தர்கள் இங்கே நீராடுகின்றனர். அந்நாளுக்கு 'முடவன் முழுக்கு' என்று பெயர். நடக்க இயலாத அடியார் ஒருவர், ஐப்பசிக்குள் காவிரியை அடைந்துவிட வேண்டும் என்று அரும்பாடுபட்டு வந்தார். வந்து சேர்வதற்குள் மாதம் கடந்துவிட்டது. அவர் மனமுருகி முறையிட, மறுநாள் மூழ்கினாலும் அதே பலன் உண்டு என்று ஈசன் அருளினார் என்பது தல வரலாறு. அந்த ஒருவரின் பொருட்டு உலகுக்கே ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

இறைவன் நாளை நீட்டித் தந்தார். படித்துறையை நீட்டித் தருவது நம் கடமையன்றோ? காவிரிக் கரை ஊர்களில் பர்வ காலங்களில் நான் தவறாமல் காணும் காட்சி ஒன்று உண்டு. குடும்பத்தினர் அனைவரும் நீரில் இறங்க, மூத்தவர் மட்டும் மேல்படியில் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பேரன் செம்பில் நீர் கொண்டுவந்து பாட்டியின் தலையில் தெளிப்பான். அதுவும் புண்ணியமே. எனினும், அந்த அம்மையாரின் கண்கள் ஆற்றின் மீதே இருக்கும்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளத்துக்கு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது ஏற்கப்பட்ட கணக்கு. அரை அடி உயரமுள்ள 10 படிகளின் மொத்த உயரம் 5 அடி. ஆகவே சாய்தளத்துக்கு 60 அடி நீளமும், இடையிடையே நின்று இளைப்பாறச் சமதளமும் தேவை. நேரே ஆற்றுக்குள் இறக்காமல், கரையை ஒட்டியே இறக்கினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். படிகளின் ஓரம் கடைசிப் படிவரை கைப்பிடிக் கம்பி, வழுக்காத சொரசொரப்பான கல், பாசியை அவ்வப்போது அகற்றும் ஏற்பாடு, கோயிலிலிருந்து துறைவரை மேடுபள்ளமில்லாத நடைபாதை, வழியில் நிழலில் ஒரு திண்ணை. இவ்வளவே வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொது இடங்கள் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது.

இது நமக்குப் புதிய தர்மமும் அன்று. வழிநடப்போர் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நம் முன்னோர். தண்ணீர்ப் பந்தலும் சாலையோர மரமும் அவர்கள் செய்த அறங்களே.

குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த திருப்பணியில் படித்துறைக்குக் கைப்பிடிக் கம்பி ஒன்றை உபயமாக அளியுங்கள். முதியவர் ஒருவர் அதைப் பற்றிக்கொண்டு கடைசிப் படியில் இறங்கி, தம் கையாலேயே காவிரி நீரை அள்ளித் தலையில் விட்டுக்கொள்ளும்போது, அந்தப் புண்ணியத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.