காற்றாடிமலையிலிருந்து இடிந்தகரை வரை

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் புறப்பட்டு ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கியதுமே காற்று எங்கள் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. புனித தேவசகாயம் 1752-இல் சுடப்பட்டு உயிர்நீத்த காற்றாடிமலை இங்குதான் உள்ளது. அதற்குப் பெயரிட்ட முன்னோர், இவ்வட்டாரமெங்கும் பின்னாளில் காற்றாலைகள் சுழலும் என்று கண்டார்களில்லை. ஆயினும் பெயர் பொருந்திவிட்டது.

முப்பந்தலில் இறங்கினோம். (ஆனி, ஆடியில் குடும்பத்தோடு வருவோர் சிறுவர்களின் தொப்பியைப் பற்றிக்கொள்வது நலம்.) இறக்கைகளைச் சுழற்றுவது காற்று, அவற்றை இங்கே நாட்டியது பெரும்பாலும் வரிச்சலுகை. முதலீடு முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள 1990-களில் மத்திய அரசு இசைந்ததால், நூற்பாலை உரிமையாளர்கள் ஓடி வந்தனர். அச்சலுகை 2017-இல் 40 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே, காற்று மின்சாரம் எவர் தயவுமின்றி வளர்ந்தது என்பது முழு உண்மையன்று.

தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தைக் கடந்து கடற்கரைக்கு இறங்கினால் கூடங்குளம். 1988-இல் இராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்த உடன்படிக்கை, 2002-இல் கட்டடப்பணி, 2013-இல்தான் முதல் மின்சாரம். இரண்டு உலைகளுக்கும் முதலில் மதிப்பிட்ட 13,171 கோடி ரூபாய், 22,462 கோடியாக வளர்ந்தது. போட்ட பணம் அரசினுடையது, அதாவது நம் வரியும் ரஷ்யா தந்த கடனும். விபத்து நேர்ந்தால் நடத்துவோர் தரவேண்டிய இழப்பீட்டுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 1,500 கோடி என எல்லை வகுத்தது. எல்லைக்கு அப்பாலுள்ள சுமை யார் தலையில் விழும்? மானியம் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படாவிடினும், எங்கள் கணக்கில் அதுவும் மானியமே.

எனினும் நியாயம் சொல்ல வேண்டும். காற்றுக்காலம் வைகாசி முதல் புரட்டாசி வரைதான். பிறகு இறக்கைகள் சோர்ந்துவிடும். உலையோ இரவு பகல் பாராது ஓடும். ஆனால் பழுதுநீக்க நிறுத்தினால் 1,000 மெகாவாட்டும் ஒருசேரப் போய்விடும்.

மாலையில் இடிந்தகரை சென்றோம். லூர்து அன்னை ஆலய முற்றத்துப் பந்தலில்தான் 2011-இல் மக்கள் உண்ணாநோன்பு இருந்தனர். 2004-இல் ஆழிப்பேரலையைக் கண்டவர்கள். ஜப்பானில் புகுஷிமா உலைகள் சிதைந்ததும் அதே 2011-இல்தான். அவர்களது அச்சத்தை அறியாமை என்று தள்ள எங்களால் இயலவில்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி அளித்தது. மேலும் நான்கு உலைகளுக்கு 2017-இலும் 2021-இலும் பணி தொடங்கிற்று.

கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தோர் எங்களிடம் கேட்டது யூனிட்டின் விலையைப் பற்றியன்று. உலையைக் குளிர்வித்துத் திரும்பும் வெந்நீர் கலக்கும் கடலில் மீன் நிற்குமா என்றே கேட்டனர்.