வேலிக்குள் வந்த செம்மான்

ஏப்ரல் மாதம். நியூசிலாந்தின் தென் தீவில் அது இலையுதிர் காலம். பொழுது விடியும் முன்பே மலைச்சரிவில் ஓர் உறுமல் கேட்கும். காளை கத்துவதுபோல இருந்தாலும் கத்துவது செம்மான்தான். மார்ச் கடைசியில் தொடங்கும் இணைசேரும் பருவத்தில் மட்டும், ஆண் மான் தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிவிடும். நுணல் கதைதான்!

ஆனால், சத்தம் கேட்டவருக்கெல்லாம் மான் கிடைப்பதில்லை. ஃபியார்ட்லாந்து பகுதியில் மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற இடத்தில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையைப் போல நான்கு மடங்கு. பாறையெல்லாம் பாசி. பீச் மரக் காட்டுக்குள் பிரம்புபோலப் பின்னிக் கிடக்கும் கொடிகள். ஒரு முள்கொடிக்கு ‘காட்டு வக்கீல்’ என்றே பெயர், பிடித்தால் விடாதாம். மலையாறுகள் ஒரே மழையில் பெருகிவிடும். ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறப்பதை அந்தக் காலத்தில் ‘நியூசிலாந்துச் சாவு’ என்றே சொன்னார்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் காற்று காட்டிக்கொடுத்துவிடும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். அப்போது கீழிருந்து ஏறினால் மனித வாடை மானுக்குப் போகாது. வெயில் ஏறியதும் காற்று திசை மாறி மேலே ஏறும். அதற்குள் வேட்டைக்காரர் மானுக்கு மேலே போய்விட வேண்டும். தாமதித்தால் அன்றைய நடை வீண். மரங்கள் முடிந்து கொத்துப்புல் தொடங்கும் விளிம்பில் காலையும் மாலையும் சற்று நேரம் மேயும் மான், அடுத்த நிமிடமே காட்டுக்குள் மறைந்துவிடும்.

இத்தனைக்கும் இது அந்த மண்ணின் விலங்கே அல்ல. அங்கே வௌவாலைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. 1861-ல் நெல்சன் பகுதியில், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஆண் மானையும் இரண்டு பெண் மான்களையும் விட்டார்கள். பிரபுக்களின் வேட்டைப் பொழுதுபோக்கு தங்களுக்கும் வேண்டும் என்ற ஆசை. சட்டப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. மான் பெருகாமல் என்ன செய்யும்?

இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து, காட்டின் அடித்தளத்தையே மொட்டையடித்தன. மலை சரிந்து, வெள்ளமும் சரளையும் தங்கள் நிலத்தில் இறங்கும் என்று கீழே இருந்த விவசாயிகள் பயந்தார்கள். சரிவுகளில் பெரும்பங்கு மழையாலும் நிலநடுக்கத்தாலும் வந்தது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சொன்னாலும், காடு பட்ட பாடு உண்மை.

1930-களில் அரசே சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை அனுப்பியது. தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் தங்கி, ஆயிரமாயிரமாகச் சுட்டார்கள். தோல் மட்டும் கீழே வந்தது. இறைச்சி மலையிலேயே அழுகியது. கால்நடையாகப் போய்ச் சுட்டுத் தீர்க்க முடியாத மலை அது.

மானிறைச்சிக்கு வெளிநாட்டில் விலை கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. 1960-களில் ஹெலிகாப்டரில் பறந்து சுட்டார்கள். பிறகு, வலைத் துப்பாக்கியால் உயிரோடு பிடித்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து மானின் முதுகிலேயே குதித்தவர்களும் உண்டு. இந்தத் தொழிலில் விழுந்து இறந்த விமானிகள் பலர். 1969-ல் மான் பண்ணைக்குச் சட்டம் அனுமதி தந்தது. சுட்டுக் கொல்லச் சம்பளம் கொடுத்த விலங்கை, விலை கொடுத்து வாங்கினார்கள்!

பண்ணை மானுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரக் கம்பி வேலி வேண்டும். ஆட்டு வேலியை அது சாதாரணமாகத் தாண்டிவிடும். இறைச்சியோடு, முற்றாத கொம்புக்கும் கொரியாவிலும் சீனாவிலும் நல்ல விலை. வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்துத்தான் கொம்பை அறுக்க வேண்டும்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கோ அரசு வனத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்றும் மலையேறுகிறார்கள். பலர் வெறுங்கையோடு இறங்குகிறார்கள். வழியில், வேலிக்கு அந்தப் பக்கம் மேயும் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் புல்லில் வாய் வைக்கின்றன.